மாசி முடியப் போகிறது, விடியக்காலைக் குளிர் போகவில்லை: சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்ன உடுத்துகிறீர்கள்?

தச்சநல்லூர்_முதல்_ஷிப்டு

எனக்கு வீடு திருநெல்வேலி தச்சநல்லூர், வேலை கங்கைகொண்டான் சிப்காட்டில். முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்குள் கேட்டில் நிற்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே சைக்கிளை எடுத்துவிடுவேன். கம்பெனி பஸ் உண்டு. ஆனால் அது ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றும், அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மற்ற வருடங்களில் மாசி பாதியிலேயே ராத்திரி ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. இந்த வருடம் இன்னும் போர்வை விலகவில்லை. நேற்று விடிகாலை மொட்டைமாடியில் 19 டிகிரி காட்டியது. நான்கு வழிச்சாலையில் ஏறியதும் நெஞ்சில் காற்று அறைகிறது, காது வலிக்கிறது, விரல் மரத்துப்போய் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்றே தெரியவில்லை. சரி என்று ஸ்வெட்டர் போட்டால், தாழையூத்து தாண்டியதும் உள்ளே பனியன் நனைந்துவிடுகிறது. கேட்டில் வரிசையில் நிற்கும்போது அந்த ஈரத்தோடு முன்னைவிட அதிகமாக நடுங்குகிறேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் வெயில் 35. அந்த ஸ்வெட்டரைச் சுமந்துகொண்டு வர வேண்டும்.

இந்தப் பக்கம் விடியக்காலையில் மிதிக்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? கடையில் விற்கும் விலை கூடின ஜெர்சி எல்லாம் வேண்டாம். நம் சம்பளத்துக்கு ஒத்துவருகிற மாதிரி சொல்லுங்கள்.

பாளை_பழைய_ராலே

தம்பி, மாசியில் குளிர்வது ஒன்றும் புதிதில்லை. “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று சும்மாவா சொன்னார்கள்? பங்குனி பிறந்தும் விடவில்லை என்றால் அப்போது பேசுவோம்.

நான் சமாதானபுரத்திலிருந்து பேட்டைப் பக்கம் மில் வேலைக்குப் போய்வந்தவன். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை வரை ஒன்றும் தெரியாது. சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று பிடித்துக்கொள்ளும். அதற்கு என் மருந்து இரண்டே இரண்டு. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே நாலாக மடித்த முந்தின நாள் பேப்பர். காதைச் சுற்றித் தலையோடு ஒரு ஈரிழைத் துண்டு. மில்லுக்குள் நுழைந்ததும் பேப்பரை உருவித் தூரப் போட்டுவிடலாம். துண்டு குளிக்க ஆகும். சுமை எங்கே இருக்கிறது?

வள்ளியூர்_முன்னாள்_சிப்பாய்

அண்ணாச்சி சொன்ன பேப்பர் கேலிக்குரிய விஷயமில்லை. பிரான்சில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தில், மலையுச்சியில் நிற்கிற ரசிகர்களிடம் பேப்பர் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் வீரர்கள் இறக்கத்தில் இறங்குவார்கள். ஏறும்போது கொட்டின வியர்வை, இறங்கும்போது எதிர்காற்றில் நெஞ்சை உறையவைத்துவிடும்.

நான் லடாக்கில் இருந்திருக்கிறேன். அங்கே புது ஆட்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது எத்தனை துணி போடுவது என்பதை அல்ல, எப்போது கழற்றுவது என்பதைத்தான். வியர்க்கவிடாதே என்பார்கள். மலை ஏறப் போகிறாய் என்றால் கிளம்பும் முன்பே ஒரு கோட்டைக் கழற்றிவிட வேண்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம்.

ஷிப்டு தம்பி, நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் சுகமாக நிற்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே கணக்கு தப்பிவிட்டது. பத்து நிமிடம் மிதித்தால் உடம்பு தானே சூடாகும். அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்கிற அளவுக்கு உடுத்தினால் போதும். இன்னொன்று, ஸ்வெட்டர் பின்னலில் ஓட்டை அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த ஓட்டைகளில் காற்று தங்கி உடம்பைச் சூடாக வைக்கும். வண்டி ஓடும்போது எதிர்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

இன்ஜினியரிங்_மூணாம்_வருசம்

இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் மிதிக்கும்போது செலவாகிற சக்தியில் கிட்டத்தட்ட கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் உடம்புச் சூடு. அதாவது 75 வாட் அளவுக்கு நிதானமாக மிதித்தாலே 200 வாட்டுக்கு மேல் சூடு உள்ளே பிறக்கிறது. அதனால் நம் ஊர்க் குளிரில் உடம்பின் நடுப்பகுதிக்குச் சூடு பற்றாமல் போவதில்லை. காற்று தோலில் நேராகப் படுகிற இடங்களில்தான் பிரச்சினை.

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 5 மீட்டர். காற்றே அடிக்காத விடிகாலையிலும் அந்த அளவுக்கு எதிர்காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். அதோடு வியர்வை சேர்ந்தால் போச்சு. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். கேட்டில் நிற்கும்போது நடுங்குவதற்குக் காரணம் இதுதான். மிதிப்பதை நிறுத்தியாயிற்று, சூடு பிறப்பது குறைந்துவிட்டது, பனியன் ஈரம் மட்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இது ரொம்ப நேரம் நடக்கும்.

மாசியில் ஏன் இப்படி என்றால், வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் துடைத்தாற்போல் இருக்கிறது. மேகம் இருந்தால் தரைச் சூட்டை ஓரளவு திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, காற்றில் ஈரப்பதமும் குறைவு என்றால் ராத்திரி முழுக்கத் தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அதே தெளிந்த வானம்தான் மதியம் 35-க்குக் கொண்டுபோகிறது. காலைக் குளிரும் மதிய வெயிலும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம்.

சேரன்மகாதேவி_டீச்சர்

எல்லாரும் சட்டை, பனியன் என்றே பேசுகிறீர்கள். சேலையிலும் சுடிதாரிலும் மிதிக்கிறவர்களும் இருக்கிறோம்.

நான் பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவி வருகிறேன். தூரம் குறைவுதான், ஆனால் வழியில் வயல். குளத்தங்கரையை ஒட்டிப் போகும்போது திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் காலை விட்ட மாதிரி இருக்கும். மேட்டில் ஏறினால் போய்விடும். முன்பெல்லாம் இது என் பிரமை என்று நினைத்தேன்.

நான் செய்வது: என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்வேன். பொத்தான் எல்லாம் முதுகுப் பக்கம், மேல் பொத்தான் ஒன்றை மட்டும் போட்டால் போதும். முன்பக்கம் பிளவே இல்லாததால் காற்று நுழையாது, முதுகு திறந்திருப்பதால் வியர்க்காது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பைக்கில் போகிற ஆம்பிளைகள் ஜெர்கினை இப்படித்தானே மாட்டிக்கொண்டு போகிறார்கள், அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

குளிருக்கு என்று துப்பட்டாவைத் தலையோடு சுற்றுகிறவர்கள் இரண்டு நுனியையும் உள்ளே செருகி ஊக்குக் குத்திவிட வேண்டும். செயின் கவர் இல்லாத வண்டியில் இது விளையாட்டில்லை. பின்சக்கரத்துக்குக் கம்பி வலை இருந்தாலும் காற்றில் பறக்கிற துணி முன்சக்கரத்துக்கும் போகும்.

இன்ஜினியரிங்_மூணாம்_வருசம்

டீச்சர், பிரமையே இல்லை. குளிர்ந்த காற்று எடை கூடியது, பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். வயலும் குளமும் ஊரின் தாழ்ந்த இடங்களில்தான் இருக்கின்றன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

ஊட்டி_போய்வந்தவன்

19 டிகிரிக்கு இவ்வளவு பெரிய இழையா? ஊட்டியில் ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும், பால்காரர் பாட்டுக்கு சைக்கிளில் போவார். நம்ம ஊர்க்காரர்களுக்கு எல்லாமே பெரிய விஷயம்.

வள்ளியூர்_முன்னாள்_சிப்பாய்

தம்பி, அந்தப் பால்காரரைப் பங்குனி வெயிலில் பணகுடிக்குக் கூட்டிவந்து மிதிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். உடம்பு பழகினது எதற்கோ அதற்குத்தான். மதியம் 35-இல் வேலை பார்க்கிறவனுக்கு மறுநாள் விடிகாலை 19 என்பது ஒரே நாளில் 16 டிகிரி இறக்கம்.

தென்காசிச்_சாரல்

எங்கள் பக்கம் இந்தத் தொல்லை மாசியில் இல்லை, ஆனி ஆடியில்தான். பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்குக் காலையில் மிதித்தால், செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நேருக்கு நேர். கூடவே சாரல். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். எங்களுக்கு அது நனைந்த சட்டையோடு எட்டு மணி நேர வேலை.

நான் பல வருடமாகப் பார்த்ததில் மழைக்கோட்டு மாதிரிக் காற்றை நிறுத்துவது எதுவும் இல்லை. ஆனால் முழுக்கோட்டு போட்டால் உள்ளே வியர்வை வெளியேற வழியில்லாமல் மழையில் நனைந்ததைவிட அதிகமாக நனைந்துவிடுவோம். அதனால் ஒரு பழைய மழைக்கோட்டை எடுத்துக் கையை வெட்டிவிட்டேன். முதுகுப் பக்கத்தையும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கொசுவலைத் துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். முன்பக்கம் மட்டும் காற்றுப் புகாத துணி, முதுகு வலை. டீச்சர் சட்டையை மாற்றிப் போடுகிற அதே யோசனைதான், கொஞ்சம் தையல் செலவோடு. சுருட்டினால் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, டிபன் பைக்குள் போய்விடும். சாரல் காலத்தில் உள்ளே பருத்தி பனியன் கூடாது. திருப்பூர் மிச்ச உருப்படி என்று ரோட்டோரத்தில் பாலியஸ்டர் டீசர்ட் விற்பார்களே, அது போதும். சீக்கிரம் காயும்.

தச்சநல்லூர்_முதல்_ஷிப்டு

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ராலே அண்ணாச்சி, டீச்சரக்கா, தென்காசி அண்ணன் மூன்று பேரும் சொல்வது நெஞ்சை மறை, முதுகைத் திறந்து விடு என்பதுதானே? ஆனால் காதும் விரலும் பாக்கி இருக்கிறது. குரங்குக் குல்லா போடலாமா?

பாளை_பழைய_ராலே

போடலாமே. நான் ஐம்பது வயதுக்கு மேல் அதைத்தான் போட்டேன்.

பேப்பர்_ஏஜெண்டு_பெருமாள்புரம்

அண்ணாச்சி மன்னிக்கணும், நான்கு வழிச்சாலையில் குரங்குக் குல்லா வேண்டாம் என்பேன். நாங்கள் நாலரைக்கே பேப்பர் கட்டோடு ரோட்டில் இருக்கிறவர்கள். பின்னால் வருகிற லாரியைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் தெரியும். கம்பளிக் குல்லா காதை முழுக்க அடைத்துவிடும். தலையைத் திருப்பினால் குல்லா திரும்பாது, ஒரு கண் மறைந்துவிடும். உங்கள் காலத்தில் பேட்டை ரோட்டில் பின்னால் வந்தது மாட்டுவண்டி. இப்போது கண்டெய்னர்.

காதுக்கு மேல் மெல்லிய பருத்திக் கைக்குட்டையை மடித்துப் பட்டையாகக் கட்டினால் போதும். சத்தம் கேட்கும், ஊதல் நிற்கும். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கும் அது உள்ளே அடங்கும்.

விரலுக்கு ஹார்டுவேர் கடையில் கொத்தனார்களும் லோடுமேன்களும் வாங்குகிற வெள்ளைப் பின்னல் கையுறை. உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஹேண்டில்பாரில் வழுக்காது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியை வெட்டிவிடுங்கள். பெல் அடிக்க, கீழே விழுந்த சில்லறையை எடுக்க, போனைத் தொட அது வேண்டும்.

ராத்திரி வெளியே நிற்கிற வண்டியில் ரிம் முழுக்கப் பனி படிந்திருக்கும். ரப்பர் கட்டை பிரேக் முதல் இரண்டு மூன்று பிடிக்குப் பிடிக்கவே பிடிக்காது. தெருவுக்குள்ளேயே நாலு தரம் லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்கு வாருங்கள். சீட்டில் ராத்திரியே ஒரு ஜவுளிக்கடைப் பையை மாட்டி வைத்தால் காலையில் கால்சட்டை நனையாது.

பாளை_பழைய_ராலே

மாட்டுவண்டிக்கும் மணி உண்டு தம்பி, காதால்தான் தெரிந்துகொண்டோம். ஆனாலும் லாரி விஷயம் நீங்கள் சொல்வது சரி. டவுனுக்குள் ஓட்டுகிறவர்கள் குல்லா போடட்டும், பைபாஸ் ஆட்கள் வேண்டாம். மப்ளரும் அப்படித்தான், நுனியைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் ஓட்டக்கூடாது.

மேலப்பாளையம்_மருந்துக்கடை

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த ஒரு மாதமாக விடிகாலையில் நெஞ்சு இறுக்குகிறது, விசில் சத்தம் வருகிறது என்று வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். குளிர்ந்த வறண்ட காற்றை வாயால் வேகமாக இழுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது நிச்சயம் தொல்லை, சிலருக்கு உடற்பயிற்சி செய்யும்போது மட்டும் வரும். மூக்கு வழியாக இழுத்தால் காற்று சூடாகி, ஈரமாகி உள்ளே போகும். மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் மிதியுங்கள், மூக்கையும் வாயையும் மூடி ஒரு மெல்லிய துணி கட்டுங்கள்.

இப்போது பிசான நெல் அறுப்பு வேறு. அறுவடை மெஷின் ஓடின வயலோரம் தூசியும் பதரும் காற்றில் இருக்கும். அந்தத் துணி அதற்கும் ஆகும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் பையில் வைத்திருங்கள், வீட்டு அலமாரியில் இருந்து என்ன பிரயோசனம்? மூச்சு வாங்குவது அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள், என் கடைக்கு வந்து “ஏதாவது மாத்திரை கொடுங்க பாய்” என்று கேட்காதீர்கள்.

சேரன்மகாதேவி_டீச்சர்

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. ஜன்னலோரம் இருக்கிற தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்ப்பேன். உறைந்திருந்தால் சட்டையை எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் இல்லை.

இன்ஜினியரிங்_மூணாம்_வருசம்

நல்ல முறை டீச்சர். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். உறைந்திருந்தால் அதற்குக் கீழே என்று அர்த்தம், வெளியே இன்னும் குறைவாக இருக்கும். அடுக்களையில் வைத்திருந்தால் மட்டும் ஏமாற்றும், சுவர்ச் சூடு விடிய விடிய இருக்கும்.

பேப்பர்_ஏஜெண்டு_பெருமாள்புரம்

யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. நம் ஊரில் சூரியன் ரொம்பத் தாமதமாக உதிப்பது மார்கழியில் இல்லை, தையில்தான். தை நடுவில் 6.40 ஆகிவிடும், மாசியிலும் பெரிதாக முந்துவதில்லை. ஐந்து மணிக்குக் கிளம்புகிற ஷிப்டு தம்பி கடைசி வரை இருட்டில்தான் போகிறார். வீட்டில் கிடக்கிற மழைக்கோட்டு எல்லாம் கறுப்பு, கருநீலம். தென்காசி அண்ணாச்சி சொன்ன மாதிரி தைக்கக் கொடுத்தால், முதுகில் கொசுவலை வைக்கிற இடத்தில் ரோடு வேலைக்காரர்கள் போடுகிற ஒளிர்பட்டை வைத்த மேலங்கியின் முதுகுத் துண்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதுவும் வலைத்துணிதான், காற்று போகும். பின்னால் வருகிற வண்டியின் விளக்கு பட்டதும் மின்னும். லாரிக்காரருக்குத் தெரிய வேண்டியது உங்கள் முதுகுதானே?

தென்காசிச்_சாரல்

இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. என்னுடையதையும் பிரித்துத் தைக்கப் போகிறேன்.

தச்சநல்லூர்_முதல்_ஷிப்டு

வீட்டில் பழைய மழைக்கோட்டு இரண்டு கிடக்கிறது. தெரு டெய்லரிடம் கேட்டேன், மெஷினில் இந்தத் துணி ஓடாது, ஊசி ஒடியும் என்கிறார்.

இரண்டு மணி வெயிலில் திரும்பும்போது கேரியரில் வைத்துக் கட்ட என்ன பயன்படுத்துகிறீர்கள்? பிளாஸ்டிக் கயிறு நழுவிவிடுகிறது.

பாளை_பழைய_ராலே

பஞ்சர் கடையில் பழைய டியூப் கேளுங்கள். நீளவாக்கில் வெட்டினால் இரண்டு பட்டை வரும். கேரியரில் ஒரு முனையை முடிந்துவிட்டு இழுத்து மாட்டினால் கல் ரோட்டிலும் அசையாது. ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள், நாற்றம் பிடிக்கும். வேலை நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஹேண்டில்பாரில் விரித்துப் போட்டு வையுங்கள்.

சேரன்மகாதேவி_டீச்சர்

முழங்காலையும் மறந்துவிடாதீர்கள். அரைக்கால்சட்டையில் மிதிக்கிற பையன்களைப் பார்க்கிறேன், ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் டியூஷனுக்கு விடியுமுன் பறக்கிறார்கள். ஒரு பழைய லெக்கிங்ஸோ டிராக் பேண்டோ போட்டுக்கொண்டால் என்ன குறைந்துபோகும்? வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டுகிற பெரியவர்களுக்கும் இதே.

தென்காசிச்_சாரல்

ஷிப்டு தம்பிக்கு: சட்டை டெய்லரிடம் கொடுக்காதீர்கள். பைக் சீட் கவர் தைக்கிறவரிடம் கொடுங்கள். ரெக்சினே தைக்கிற மெஷின், அவருக்கு மழைக்கோட்டு ஒரு பொருட்டே இல்லை. நுண்ணிய தையல் வேண்டாம், இடைவெளி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். நெருக்கமாக ஊசி இறங்கினால் அந்தக் கோட்டிலேயே கிழியும். கழுத்து மட்டும் கோட்டில் இருந்தபடியே இருக்கட்டும், ஜிப் தொண்டை வரை ஏறினால்தான் காற்று உள்ளே இறங்காது. ஏற்றம் வரும்போது ஜிப்பை நெஞ்சு வரை இறக்கிவிட்டுக்கொள்ளலாம்.

தச்சநல்லூர்_முதல்_ஷிப்டு

வண்ணார்பேட்டையில் ஒரு சீட் கவர் கடை தெரியும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பக்கவாட்டில் இடுப்பு இறுக்க எலாஸ்டிக் வைக்கச் சொல்லவா?

தென்காசிச்_சாரல்

வேண்டாம். வெயிலிலும் வியர்வையிலும் எலாஸ்டிக் ஒரு கோடைக்குள் தளர்ந்துவிடும். இரண்டு பக்கமும் நாடா வைத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், சுருக்கு முடிச்சாக, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி. நாடா நீளம் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம், சக்கரம் பக்கத்தில் இருக்கிறது.